ஐ.வி.எஃப்.க்கு முன்னால் கருக்குழாயை எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தவர்கள் சொல்லுங்கள்

பொன்னி34
ஜூன் 3, இரவு 10:40

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும் செய்திருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

எங்களுக்குக் கும்பகோணம் பக்கம். எனக்கு 34, அவருக்கு 37. கல்யாணமாகி ஆறு வருடம். முதல் இரண்டு வருடம் வேலை, வீட்டுக்கடன் என்று நாங்களே தள்ளிப்போட்டோம். அப்புறம் ஒரு மருத்துவமனையில் ஒன்றரை வருடம் பார்த்தோம். மாத்திரை, ஊசி, முட்டை வளர்கிறதா என்று பார்க்கும் ஃபாலிகுலர் ஸ்கேன், மூன்று முறை ஐ.யு.ஐ (விந்தைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது). ஒவ்வொரு முறையும் நாள் எண்ணி எண்ணிக் காத்திருந்து தலைக்குக் குளித்ததுதான் மிச்சம். குழாய் திறந்திருக்கிறதா என்று அங்கே ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

போன மாதம் வேறு மருத்துவரிடம் போனோம். அவர் முதல் வேலையாக எச்.எஸ்.ஜி (கர்ப்பப்பைக்குள் மருந்து ஏற்றி, குழாய் திறந்திருக்கிறதா என்று எடுக்கும் எக்ஸ்ரே) எழுதிக் கொடுத்தார். வலது குழாய் நுனியில் அடைத்து, நீர் கோத்து வீங்கியிருக்கிறது. இடது பக்கம் மருந்து தாமதமாகத்தான் வெளியே வருகிறது. சாதாரண ஸ்கேனிலும் வலது குழாய் தெரிகிறது. முட்டைக் கையிருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஏ.எம்.எச் 0.9. கணவருடைய விந்துப் பரிசோதனை 2022இல் எடுத்தது, நார்மல் என்றார்கள்.

மருத்துவர் சொல்வது: லேப்ரோஸ்கோபி (வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமரா வழியாகச் செய்யும் அறுவை) செய்து வலது குழாயை எடுத்துவிடலாம். அதே மயக்கத்தில் ஹிஸ்டரோஸ்கோபியும் செய்து கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்து, உள்சுவரை லேசாகச் சுரண்டிவிடலாம். இரண்டு மாதம் கழித்து ஐ.வி.எஃப் (முட்டையை எடுத்து வெளியில் கருவாக்கி உள்ளே வைப்பது). திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

மாமியார் ‘உடம்பில் இருப்பதை வெட்டி எடுத்தால் திரும்ப முளைக்குமா, இருக்கிற ஒரு வழியையும் ஏன் அடைக்கிறீர்கள்’ என்கிறார். கோபமாகச் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறார். எனக்கும் அதே பயம் இருக்கிறது. ஐ.வி.எஃப்.இல் குழாய்க்கு வேலையே இல்லையே, பிறகு அதை ஏன் எடுக்க வேண்டும்?


மல்லிகைப்பந்தல்
ஜூன் 3, இரவு 11:15

பொன்னி, எனக்கு இரண்டு குழாயும் எடுத்துவிட்டார்கள். 2019இல். எடுப்பதற்கு முன் ஒரு ஐ.வி.எஃப் செய்து, நல்ல கரு இரண்டு வைத்தும் நிற்கவில்லை. எடுத்த பிறகு வைத்ததுதான் இப்போது பக்கத்தில் தூங்குகிறாள்.

எடுத்த அன்று ராத்திரி நான் அழுதது வலியால் இல்லை. இனி தானாக உண்டாகும் வாய்ப்பே கிடையாது என்பதை அன்றைக்குத்தான் மனசு ஏற்றுக்கொண்டது. உனக்கு ஒரு பக்கம்தான் சொல்கிறார்கள். இடது குழாய் இருக்கும். அதை உன் மாமியாருக்குச் சொல்.


அரங்கச்செவிலி
ஜூன் 4, காலை 6:05

பொன்னி கண்ணு, நான் மதுரையில் முப்பத்தோரு வருடம் அறுவை அரங்கில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். மருத்துவர் இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

நீ கேட்டது சரியான கேள்வி. ஐ.வி.எஃப் வந்ததே குழாய் அடைத்தவர்களுக்காகத்தான். 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தின் ஓல்டம் ஊரில் பிறந்த லூயிஸ் பிரவுனின் அம்மா லெஸ்லிக்குக் குழாய்கள் அடைபட்டிருந்தன. ஒன்பது வருடம் குழந்தை இல்லை. பாட்ரிக் ஸ்டெப்டோ என்ற மருத்துவர் லேப்ரோஸ்கோபி வழியாகத்தான் அந்த முட்டையை எடுத்தார். ஆக, வெறுமனே அடைத்திருக்கிற குழாயை விட்டுவிடலாம். கருவை அது ஒன்றும் செய்யாது.

நீர் கோத்த குழாய் வேறு. குழாயின் நுனி விரல் விரலாகப் பிரிந்திருக்கும். பழைய தொற்றில் அந்த விரல்கள் ஒட்டிக்கொண்டால், உள்ளே சுரக்கிற நீர் வயிற்றுப் பக்கம் வடிய வழி இருக்காது. தேங்கி, பின்பக்கமாகக் கர்ப்பப்பைக்குள் கசியும். வெளியில் பத்திரமாக வளர்த்த கருவைக் கொண்டுபோய் வைக்கிற இடத்திலேயே அந்த நீர் வந்து நிற்கிறது. கருவுக்கு அது ஆகாது, பதியவும் விடாது, சில சமயம் அடித்துக்கொண்டும் போய்விடும்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், நீர் கோத்த குழாயை எடுத்துவிட்டு முதல் ஐ.வி.எஃப் செய்தவர்களில் நூற்றுக்கு 28.6 பேருக்குப் பிரசவம் வரை போனது. எடுக்காமல் செய்தவர்களில் 16.3. ஸ்கேனிலேயே கண்ணுக்குத் தெரிகிற அளவு வீங்கிய குழாய் உள்ளவர்களுக்கு லாபம் அதிகம். உனக்கு ஸ்கேனில் தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய்.

இன்னொன்றும் மாமியாரிடம் சொல்லலாம். ஒரு பக்கம் நீர் கோத்து மறுபக்கம் நன்றாக இருப்பவர்களுக்கு, கெட்ட குழாயை எடுத்த பிறகு ஐ.வி.எஃப் இல்லாமலே தங்குவதும் உண்டு. உன் இடது குழாய் எப்படி என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும். நீல மருந்தை அடியிலிருந்து ஏற்றி, நுனியில் சொட்டுகிறதா என்று கேமராவில் நேராகவே பார்ப்பார்கள்.

கையெழுத்துப் போடும் தாளைப் படிக்காமல் போடாதே. ‘தேவைப்பட்டால் இரு குழாயும்’ என்று அச்சடித்து வைத்திருப்பார்கள். இடது குழாயை எந்த நிலையில் இருந்தால் எடுக்கலாம், எந்த நிலையில் தொடக்கூடாது என்று பேசி, அதை எழுதச் சொல். குடலோடு ஒட்டிப்போய் எடுக்க முடியாமல் இருந்தால் குழாயின் அடியில் கிளிப் போட்டு வழியை மட்டும் மூடுவார்கள், அதுவும் ஏற்ற முறைதான். எடுப்பவர் குழாயை ஒட்டியே வெட்ட வேண்டும். சினைப்பைக்குப் போகும் ரத்த நாளங்கள் அதே மடிப்பில்தான் ஓடுகின்றன. அறுவையின் வீடியோ, எடுத்த குழாயின் பயாப்ஸி ரிப்போர்ட் இரண்டையும் கேட்டு வாங்கி வை.


கரிசல்மண்
ஜூன் 4, காலை 8:30

ஆண்கள் யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன்.

பொன்னி அவர்களே, 2022 ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஐ.வி.எஃப்.க்குப் போகாதீர்கள். விந்தணு உருவாகி வெளியே வர இரண்டரை மாதம் ஆகும். இடையில் ஒரு கடுமையான காய்ச்சல் வந்திருந்தாலே அளவு மாறும். விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு, ஆய்வகத்திலேயே அல்லது ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டருக்கு 16 மில்லியன் விந்தணு, மொத்தம் 39 மில்லியன், முன்னோக்கி நகர்பவை 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். இவை அடி எல்லை. ‘நாலு சதவீதம்தானா’ என்று பயந்து போகிறவர்கள் நிறைய. அது பயப்பட வேண்டிய எண் இல்லை.

என் கதை இது. என் மனைவிக்கு எச்.எஸ்.ஜி, இரண்டு ஹிஸ்டரோஸ்கோபி, ஒரு லேப்ரோஸ்கோபி எல்லாம் முடிந்த பிறகுதான் என்னைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். விந்தணுவே இல்லை. பூஜ்யம். இரண்டாவது முறை எடுத்தும் பூஜ்யம். ரத்தத்தில் எஃப்.எஸ்.எச் (விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்) நார்மல், விரை அளவும் நார்மல். உற்பத்தி இருக்கிறது, வரும் வழியில்தான் அடைப்பு என்று ஊகித்தார்கள். ஊசி மூலம் விரையிலிருந்தே எடுத்தார்கள், அதற்கு டெசா என்று பெயர். இருபது நிமிட வேலை. இரண்டு நாள் இறுக்கமான உள்ளாடையும் வலி மாத்திரையும், அவ்வளவுதான்.

ஒரு சின்ன டப்பாவில் முடிந்திருக்க வேண்டிய பரிசோதனையை நான் கடைசிக்குத் தள்ளினேன். அவள் மூன்று முறை மயக்க மருந்து வாங்கினாள். அவள் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. எனக்குத்தான் அது மனசில் நிற்கிறது. உங்கள் கணவரை இந்த வாரமே அனுப்புங்கள்.


வெண்ணிலா
ஜூன் 4, மதியம் 1:20

எல்லோரும் எடுக்கலாமா வேண்டாமா என்றே பேசுகிறோம். எனக்கு வேறு ஒரு கவலை. பொன்னிக்கு ஏ.எம்.எச் 0.9. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது?

எனக்கு இடது சினைப்பையில் 5 செ.மீ. சாக்லேட் கட்டி (எண்டோமெட்ரியோசிஸால் பழைய ரத்தம் தேங்கிய கட்டி) இருந்தது. ஐ.வி.எஃப்.க்கு முன் சுத்தம் செய்துவிடலாம் என்று லேப்ரோஸ்கோபியில் உரித்து எடுத்தார்கள். அறுவைக்கு முன் ஏ.எம்.எச் 1.8. நான்கு மாதம் கழித்து 0.6. கட்டியின் தோலை உரிக்கும்போது அதோடு ஒட்டியிருக்கும் நல்ல முட்டைப் பைகளும் சேர்ந்து வந்துவிடும், ரத்தம் நிற்கச் சூடு வைப்பதிலும் கொஞ்சம் போகும் என்று பிறகுதான் படித்தேன். ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டி, ஐ.வி.எஃப்.இல் குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டுவதற்காக இந்தக் கட்டியை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. வலி தாங்கவில்லை, முட்டை எடுக்க வழி மறிக்கிறது, புற்று சந்தேகம் இருக்கிறது என்றால் அது தனி.

பொன்னியுடையது குழாய், என்னுடையது சினைப்பை. ஒன்றில்லைதான். ஆனால் கையிருப்பு குறைவாக இருக்கும்போது வயிற்றைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. முட்டையை முதலில் எடுத்து, கருவாக்கி, உறைய வைத்துவிட்டு, அப்புறம் அறுவை செய்ய முடியாதா? யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பொன்னி34
ஜூன் 4, மாலை 7:45

எல்லோருக்கும் நன்றி. கரிசல்மண் அண்ணா எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் நாளைக்கே போகிறேன் என்றார்.

வெண்ணிலா சொன்னதை யாரும் என்னிடம் சொல்லவே இல்லை. முதலில் எடுத்து உறைய வைப்பது நிஜமாகவே செய்வார்களா? மருத்துவரிடம் இதைக் கேட்டால் தவறாக நினைப்பாரோ?


கருவறைவிளக்கு
ஜூன் 4, இரவு 11:50

சகோதரி, நான் கருவியல் ஆய்வகத்தில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். கேளுங்கள். கேட்பதற்குத்தான் ஆலோசனைக் கட்டணம் கொடுக்கிறீர்கள்.

செய்வார்கள். முட்டை எடுக்கும் நாளில் குழாய் நீர் பிரச்சினை இல்லை. கருவை உள்ளே வைக்கிற நாளில்தான் பிரச்சினை. அதனால் முட்டையை எடுத்து ஐந்து நாள் வளர்த்து உறைய வைத்துவிட்டு, குழாயை எடுத்து ஆறிய பிறகு கருவை வைக்கலாம். உங்களைப் போல ஏ.எம்.எச் குறைந்தவர்களுக்கு இது ஒரு நியாயமான வழி. இந்தியாவில் 2021 சட்டப்படி கருவைப் பத்து வருடம் வரை உறையில் வைக்கலாம், ஆகவே அவசரம் இல்லை. ஒரே எச்சரிக்கை, முட்டை எடுக்கும் ஊசி வீங்கிய குழாயைக் குத்திவிட்டால் தொற்று வரலாம். அதற்கு ஆன்டிபயாடிக் போடுவார்கள், ஊசியை விலக்கி எடுப்பார்கள். முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

0.9 என்பதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஏ.எம்.எச் சொல்வது எண்ணிக்கையை. தரத்தைச் சொல்வது வயது. 34 வயதில் கிடைக்கும் நான்கு முட்டையும் 42 வயதில் கிடைக்கும் நான்கு முட்டையும் ஒன்றல்ல. மாதவிடாயின் 2 அல்லது 3ஆம் நாள் ஸ்கேனில் சின்னச் சின்ன முட்டைப் பைகளை எண்ணுவார்கள், அதையும் சேர்த்துப் பாருங்கள். வெளிநாட்டு ரிப்போர்ட்டோடு ஒப்பிடுபவர்கள் அலகைக் கவனியுங்கள். நம் ஊரில் நானோகிராம், அங்கே பல இடங்களில் பிகோமோல். ஏறக்குறைய ஏழால் பெருக்கினால்தான் அது வரும்.

இனி அந்த ‘சுரண்டிவிடலாம்’ பற்றி. இதை நான் அழுத்தியே சொல்வேன். ஐ.வி.எஃப்.க்கு முந்தைய மாதம் கர்ப்பப்பை உள்சுவரைச் சுரண்டினால் கரு நன்றாக ஒட்டும் என்று பல வருடம் நம்பினார்கள், நாங்களும் நம்பினோம். நியூசிலாந்து மருத்துவர்கள் முன்னின்று பல நாடுகளில் 1,364 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2019இல் வந்தது. சுரண்டியவர்களில் குழந்தை பெற்றவர்கள் 26.1 சதவீதம். சுரண்டாதவர்களிலும் 26.1 சதவீதம். வலி மட்டும் மிச்சம். பணம் கட்ட வேண்டாம்.

ஹிஸ்டரோஸ்கோபியும் எல்லோருக்கும் வேண்டியதில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பை சுத்தமாக இருப்பவர்களுக்கு ஐ.வி.எஃப்.க்கு முன் வழக்கமாகச் செய்து பார்த்தார்கள். 2016இல் இரண்டு பெரிய ஆய்வுகள், ஒன்று முதல் முறை செய்பவர்களிடம், இன்னொன்று பல முறை தோற்றவர்களிடம். இரண்டிலும் பிறப்பு விகிதம் கூடவில்லை. ஆனால் ஸ்கேனில் பாலிப் (உள்சுவரில் வளரும் சின்னச் சதை) மாதிரித் தெரிகிறது, உள்குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நார்க்கட்டி இருக்கிறது, முன்பு டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்து அதற்குப் பிறகு மாதப்போக்கு குறைந்துவிட்டது என்றால் நிலைமை வேறு. அப்போது கண்ணால் பார்த்தே ஆக வேண்டும், பார்க்கும்போதே சரி செய்தும் விடலாம். உங்களுக்கு ஸ்கேனில் உள்சுவர் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள்?


மல்லிகைப்பந்தல்
ஜூன் 5, காலை 9:10

விளக்கு அண்ணன் சொல்வது எனக்கு முழுக்க ஒப்பவில்லை. முதலில் முட்டை, பிறகு அறுவை, பிறகு கரு வைப்பது என்றால் செலவு எவ்வளவு ஏறும்? உறைய வைக்க ஒரு கட்டணம், வருடா வருடம் வாடகை, உருக்கி வைக்க ஒரு கட்டணம். நாங்கள் நகையை வைத்துத்தான் செய்தோம். என் முன்னால் இரண்டு வழியையும் வைத்திருந்தால் நான் அறுவையைத்தான் முதலில் எடுத்திருப்பேன். ஒருவேளை உள்ளே பார்க்கும்போது இடது குழாய் நன்றாக இருந்தால், பொன்னி ஆறு மாதம் இயற்கையாகவே முயன்று பார்க்கலாமே? ஐ.வி.எஃப்.பே வேண்டாம் என்று ஆகலாம்.


கருவறைவிளக்கு
ஜூன் 5, மாலை 6:30

உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது, சகோதரி. பொன்னிக்கு 29 வயது, ஏ.எம்.எச் 3 என்றால் நானும் அதையே சொல்வேன். நான்கு வருடமாகத் தங்கவில்லை, இடது பக்கமும் மந்தம், கையிருப்பும் குறைவு என்பதால் ஆறு மாதம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பணம் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. அதை மருத்துவமனை எழுத்தில் கொடுக்க வேண்டும். உறைநிலை வாடகை உட்பட.


அரங்கச்செவிலி
ஜூன் 5, இரவு 8:00

செலவு என்றதும் ஒன்று. காப்பீட்டு அட்டையை நம்பிப் போகிறவர்கள் பாலிசித் தாளில் ‘எக்ஸ்க்ளூஷன் 17’ என்ற இடத்தைப் பாருங்கள். கருவுறாமை சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று பெரும்பாலான பாலிசிகளில் அங்கேதான் இருக்கும். சில பாலிசிகள் இப்போது தனியாக ஒரு தொகை தருகின்றன. அட்மிஷனுக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.


நொய்யலாள்
ஜூன் 6, காலை 7:25

இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொன்னி, உன் குழாய் ஏன் கெட்டது என்று யாராவது கேட்டார்களா?

எனக்கும் இதே மாதிரிதான். இரண்டு குழாயும் மணி கோத்த மாதிரி எச்.எஸ்.ஜியில் தெரிந்தது. நான் இருமினதில்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை. மாதப்போக்கு மட்டும் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தது. சின்ன வயதில் என் சித்தப்பாவுக்கு காசநோய் இருந்தது, ஒரே வீடு. காசநோய் நுரையீரலில் மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்தேன். ரத்தம் வழியாகக் கருக்குழாய்க்குப் போய், சத்தமில்லாமல் உட்கார்ந்து, அங்கிருந்து கர்ப்பப்பை உள்சுவருக்கும் பரவும் என்று அப்போதுதான் தெரிந்தது. நம் நாட்டில் குழந்தையின்மைக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

மாதவிடாய்க்குச் சில நாள் முன்பு உள்சுவரிலிருந்து மெல்லிய குழாய் வைத்துக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். அதை மூன்றாகப் பிரித்து ஒன்றைத் திசுப் பரிசோதனைக்கும், ஒன்றை ஜீன்எக்ஸ்பெர்ட்டுக்கும் (கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர் வகைச் சோதனை), ஒன்றைக் கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) அனுப்பினார்கள். கல்ச்சர் முடிவு வர ஆறு வாரம். சதை கெடாமலிருக்க ஊற்றும் ஃபார்மலினை ஊற்றிவிட்டால் கல்ச்சர் செய்ய முடியாது, கிருமி செத்துவிடும். அதற்குப் போகும் சதையை உப்புநீரில் போட வேண்டும். என் முதல் சாம்பிள் முழுக்க ஃபார்மலினில் போய்த்தான் வீணானது. வெறும் பி.சி.ஆர் ஒன்று மட்டும் பாசிட்டிவ் என்றால் உடனே மருந்தைத் தொடங்க வேண்டாம் என்றும் சொன்னார்கள், அது தவறாகவும் காட்டும்.

ஆறு மாதம் அரசு மருந்து, இலவசம். முடித்த பிறகுதான் ஐ.வி.எஃப். தெரியாமல் முன்பே கரு வைத்திருந்தால் கருவும் போயிருக்கும், கர்ப்பகாலத்தில் நோய் கிளம்பியிருந்தால் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து கேள்.


பொன்னி34
ஜூன் 6, இரவு 9:30

நொய்யலாள் அக்கா, படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். எங்கள் தாத்தா நெஞ்சுச் சளியில்தான் போனார், தஞ்சாவூரில் மாத்திரை கொடுத்தார்கள் என்கிறார். இத்தனை வருடத்தில் எந்த மருத்துவரும் கேட்டதில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அறுவைக்கு இப்போது நாள் குறிக்க வேண்டாம் என்று திங்கட்கிழமை சொல்லப்போகிறேன். இரண்டாவது கருத்துக்குத் திருச்சி போகிறோம்.


பொன்னி34
ஜூன் 19, இரவு 10:05

திருச்சி போய் வந்தோம். மருத்துவர் நாற்பது நிமிடம் பேசினார். நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன், ஒவ்வொன்றாகக் கேட்டேன். கோபப்படவில்லை.

குழாயை எடுக்கத்தான் வேண்டும் என்றார், அதில் இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள். வரிசையை மட்டும் மாற்றினார். முதலில் உள்சுவர்ச் சதை எடுத்து காசநோய் பார்ப்பது. இல்லையென்றால் முட்டை எடுத்துக் கருவாக்கி உறைய வைப்பது. பிறகு லேப்ரோஸ்கோபி. சுரண்டுவது வேண்டாம் என்றார். ஹிஸ்டரோஸ்கோபியும் வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அவரே ஸ்கேன் செய்தபோது உள்குழியில் 8 மி.மீ. பாலிப் மாதிரி ஒன்று தெரிந்தது. அதனால் அதே மயக்கத்தில் அதையும் எடுத்துவிடலாம், இதற்குக் காரணம் இருக்கிறது என்றார். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரியே இல்லை.

இரண்டு பேருக்கும் எச்.ஐ.வி, மஞ்சள் காமாலை பி, சி, வி.டி.ஆர்.எல் (சிபிலிஸ் சோதனை) எடுத்தார்கள். எனக்கு ரூபெல்லா, தைராய்டு, சர்க்கரையும். அவருடைய விந்து எண்ணிக்கை 11 மில்லியன். 2022இல் 40 இருந்தது. விரையில் நரம்பு புடைப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. சிகரெட்டை விடச் சொன்னார்கள். இக்ஸி முறையில் (ஒரு விந்தணுவை ஊசியால் நேராக முட்டைக்குள் செலுத்துவது) செய்யலாம் என்பதால் இது தடையில்லை. ஆனால் தெரியாமல் போயிருந்தால் முட்டை எடுத்த அன்று பதறியிருப்போம். கரிசல்மண் அண்ணா, நன்றி.

சதை எடுத்தது மாதவிடாய் வலியைவிடக் கொஞ்சம் அதிகம், ஒரு நிமிடம்தான். மூன்று டப்பா, ஒன்றில் மட்டும் ஃபார்மலின். நான் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.


பொன்னி34
செப்டம்பர் 22, காலை 11:15

எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

காசநோய் இல்லை. திசுவும் ஜீன்எக்ஸ்பெர்ட்டும் ஒரு வாரத்தில் வந்தன, கல்ச்சருக்கு ஜூலை கடைசி வரை காத்திருந்தோம். ஆகஸ்ட்டில் பத்து நாள் ஊசி. ஐந்து முட்டை, நான்கு முதிர்ந்தவை, மூன்று கருவானது, ஐந்தாம் நாள் இரண்டு நின்றன. இரண்டும் உறையில் இருக்கின்றன.

போன புதன்கிழமை லேப்ரோஸ்கோபி. வலது குழாய் ஒட்டியே வெட்டி எடுக்கப்பட்டது. நீல மருந்து இடது பக்கம் சொட்டியது, ஆனால் நுனியில் ஒட்டல்கள் இருந்ததால் அதை மெல்லப் பிரித்துவிட்டிருக்கிறார்கள். பாலிப்பும் எடுத்தாயிற்று. மறுநாள் வீடு.

தோள் வலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. வயிற்றுக்குள் ஏற்றிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வலது தோளில் வெட்டுவது போல் வலித்தது, மாரடைப்போ என்று அவர் பயந்துபோனார். மூன்றாம் நாள் போய்விட்டது. எழுந்து மெல்ல நடந்தால் சீக்கிரம் குறைகிறது.

வீடியோவை மாமியாருக்குப் போட்டுக் காட்டினேன். வீங்கிப்போன குழாயைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் ‘இதை வைத்துக்கொண்டா இத்தனை வருடம் உன்னை விரதம் இருக்கச் சொன்னேன்’ என்று கையைப் பிடித்துக்கொண்டார். நவம்பரில் கரு வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.


புதுவரவு
செப்டம்பர் 22, மாலை 4:40

அக்கா, முழு இழையையும் படித்தேன். எனக்கு வியாழக்கிழமை எச்.எஸ்.ஜி. அன்று மாதவிடாய் தொடங்கி எட்டாம் நாள். ரொம்பப் பயமாக இருக்கிறது. கணவர் வெளிநாட்டில். தனியாகப் போகலாமா? எச்.எஸ்.ஜியை எண்ணெய் மருந்து வைத்துச் செய்தால் அதிலேயே தங்கிவிடும் என்று ஒரு பெண் சொல்கிறாள், நிஜமா?


கருவறைவிளக்கு
செப்டம்பர் 22, இரவு 10:30

எண்ணெய் மருந்து கசகசா எண்ணெயில் அயோடின் சேர்த்தது. நெதர்லாந்தில் 1,119 பெண்களிடம் செய்து 2017இல் வெளியிட்டார்கள். எண்ணெய் மருந்து வைத்தவர்களில் 39.7 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் கர்ப்பம் நின்றது, நீர் மருந்தில் 29.1. ஆக, அதில் உண்மை இருக்கிறது. ஆனால் தைராய்டு உள்ளவர்களுக்கு அந்த அயோடின் பிரச்சினை செய்யும், குழாயில் நீர் கோத்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தாலும் ஏற்றதில்லை. எல்லா ஊரிலும் கிடைப்பதும் இல்லை. உங்கள் மருத்துவரிடம் தைராய்டுக்கான டி.எஸ்.எச் ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டுக் கேளுங்கள்.


பொன்னி34
செப்டம்பர் 22, இரவு 10:55

எட்டாம் நாள் சரியான நாள்தான் தங்கை. ரத்தம் முழுக்க நின்றிருக்க வேண்டும், இந்த மாதம் சேர்ந்திருக்கக் கூடாது. முன்பு ஏதாவது மருந்து ஊசியோ ஸ்கேன் மருந்தோ ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் முதலிலேயே சொல்லிவிடு. ஒரு மணி நேரம் முன்னால் அவர்கள் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டுக்கொள், வெறும் வயிற்றில் வேண்டாம். நாப்கின் எடுத்துப் போ. மருந்து ஏறும்போது ஒரு அரை நிமிடம் பலமாகப் பிடிக்கும். மூச்சை அடக்காதே. உடம்பை இறுக்கினால் குழாயின் அடி சுருங்கி, திறந்திருக்கிற குழாயும் அடைத்த மாதிரி படத்தில் விழலாம். அப்படி வந்தால் ஒரே படத்தை வைத்து அடைப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். அன்றிரவோ மறுநாளோ காய்ச்சல், அடிவயிற்று வலி வந்தால் காத்திருக்காமல் போ.

தனியாகப் போக வேண்டாம். எந்த ஊர் என்று தனிச்செய்தியில் சொல். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கம் என்றால் நான் வருகிறேன். வியாழக்கிழமை எனக்கு விடுப்புதான்.